கதிர்வீச்சும் எஃப்.பி.ஜி.ஏ. நினைவகமும்: எவ்வளவு காப்பு போதும்?

திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் உள்ள விராலிமலை, முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் பேர்போன ஊர். உருக்கு வார்ப்பு, உணவுப் பொருள் போன்ற தொழில்களும் அங்கே வேரூன்றிவிட்டன. இன்றைய ஆலைகளில் மோட்டாரை ஆளும் சர்வோ டிரைவ், பொருளைப் படம் பிடித்துத் தரம் பார்க்கும் கேமரா, தகவல் தொடர்பு அட்டை ஆகியவற்றுக்குள் எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் சிப் இருப்பது சாதாரணம். தயாரிப்பாளர் செய்து அனுப்பிய பிறகும், உள்ளே இருக்கும் மின்சுற்றை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப் இது. அதே வகைச் சிப் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்திலும் இருக்கலாம். ஊருக்கு மேலே 500 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் செயற்கைக்கோளிலும் இருக்கலாம்.

சிப் ஒன்றானாலும் இந்த மூன்று உயரங்களிலும் அதைத் தாக்கும் கதிர்வீச்சு ஒன்றல்ல. அந்தக் கதிர்வீச்சு நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டிவிட்டால் என்ன ஆகும்? அதிலிருந்து சிப்பைக் காப்பது எப்படி? எவ்வளவு காத்தால் போதும்? அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விகளுக்கு ஐந்து வகையான விடைகள் உருவாகியுள்ளன. அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன, தமிழ்நாட்டுச் சூழலுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வி எழுந்த வரலாறு

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மின்னணுக் கருவியைக் குழப்பக்கூடும் என்ற எச்சரிக்கை, சிக்கல் தோன்றுவதற்கு முன்பே வந்துவிட்டது. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காஸ்மிக் கதிரின் ஒரு துகளே அதன் நிலையை மாற்றிவிடும் என்று வால்மார்க், மார்கஸ் என்னும் இருவர் 1962-இல் எழுதினர். 1975-இல் பைண்டர், ஸ்மித், ஹோல்மன் ஆகியோர் செயற்கைக்கோள் மின்சுற்றுகளில் நேர்ந்த நான்கு விளங்காத கோளாறுகளுக்குக் காஸ்மிக் கதிர்களே காரணம் என்று விளக்கினர்.

அடுத்த அதிர்ச்சி தரையிலிருந்து வந்தது. இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் இருவரும் 1978-இல் நினைவகச் சிப்புகளின் பிழைகளை ஆராய்ந்து, சிப்பை மூடியிருந்த உறையிலேயே இருந்த நுண்ணளவு யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே அவற்றுக்குக் காரணம் என்று காட்டினர். மறு ஆண்டே ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஜீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் லான்ஃபோர்டும், வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதி உருவாகும் நியூட்ரான்கள் தரைமட்டத்துக் கணினிகளையும் பாதிக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். விண்வெளிப் பொறியாளரின் தனிக் கவலையாக இருந்த ஒன்று, கணினி செய்யும் எல்லோருடைய கவலையாகவும் ஆனது.

நிகழ்வின் இயக்கம் எளியது. மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று சிலிக்கானுக்குள் பாயும்போது தன் பாதை நெடுக எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் அது சிலிக்கான் அணுக்கருவில் மோதி உடைக்க, சிதறும் துண்டுகள் அதே வேலையைச் செய்கின்றன. இப்படித் திரளும் மின்னூட்டம், ஒரு பிட்டைத் தாங்கி நிற்கும் மின்னூட்டத்தைவிட மிகுந்தால் 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். சிப் பழுதாவதில்லை, அது நினைவில் வைத்திருப்பது மட்டும் பொய்யாகிறது.

எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு மட்டும் ஏன் தனிக் கவலை?

சைலிங்க்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 தான் விற்பனைக்கு வந்த முதல் எஃப்.பி.ஜி.ஏ. அதில் 64 தருக்கத் தொகுதிகள் இருந்தன. எந்தத் தொகுதி என்ன கணக்கைச் செய்யும், எந்தக் கம்பி எதனோடு சேரும் என்பதையெல்லாம் சிப்புக்குள் இருக்கும் கட்டமைப்பு நினைவகத்தின் பிட்டுகள் முடிவுசெய்கின்றன. ரயில் சந்திப்பில் தண்டவாளத்தைத் திருப்பும் கருவியைப் போன்றவை அந்தப் பிட்டுகள்: ஒன்று தவறாகத் திரும்பிவிட்டால், யாராவது பார்த்துச் சரிசெய்யும்வரை அடுத்தடுத்து வரும் எல்லா வண்டிகளும் தவறான தடத்திலேயே போகும்.

சாதாரணக் கணினியில் ஒரு தரவுப் பிட் புரண்டால் ஒரு கணக்குத் தவறும். அடுத்த முறை புதிய தரவு எழுதப்படும்போது பிழை மறையவும் கூடும். எஃப்.பி.ஜி.ஏ.வில் கட்டமைப்புப் பிட் புரண்டால் மின்சுற்றே வேறொன்றாகிவிடுகிறது, திருத்தி எழுதும்வரை அப்படியே நிற்கிறது. 1990-களின் இறுதியில் அதே நிறுவனம் வெளியிட்ட விர்டெக்ஸ் 1000 சிப்பில் ஏறத்தாழ 60 லட்சம் கட்டமைப்புப் பிட்டுகள் இருந்தன. இன்று விண்வெளிக்கென விற்கப்படும் 20 நானோமீட்டர் கின்டெக்ஸ் அல்ட்ராஸ்கேல் சிப்பில் அது ஏறத்தாழ 19 கோடி. ஒரு பிட்டுக்கான ஆபத்து குறைந்தாலும், பிட்டுகள் பெருகும் வேகம் அந்த ஆதாயத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

முதல் விடை: துகளை வரவிடாதே

முதலில் தோன்றும் விடை தடுப்புச் சுவர். எலக்ட்ரான்களையும் குறைந்த ஆற்றல் கொண்ட புரோட்டான்களையும் சில மில்லிமீட்டர் அலுமினியமே பெருமளவு நிறுத்திவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சிப்பைத் தேய்க்கும் மொத்தக் கதிர்வீச்சளவைக் குறைக்க இது உதவுகிறது. ஆனால் விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் கனத்த அயனிகளின் ஆற்றல் மிகப் பெரிது. செயற்கைக்கோள் சுமக்கக்கூடிய எந்தத் தடிமனும் அவற்றை முழுதாக நிறுத்தாது. சில சமயம் சுவரில் மோதிப் பிறக்கும் இரண்டாம்நிலைத் துகள்கள் நிலைமையை மோசமாக்கவும் கூடும். தரையில் நியூட்ரானைத் தணிக்கக் கான்கிரீட் கூரை ஓரளவு உதவும் என்றாலும், இதற்கென்று யாரும் ஆலையைத் தடித்த கான்கிரீட்டால் மூடப்போவதில்லை.

இந்த விடையின் உண்மையான வெற்றி சுவரில் இல்லை, பொருளின் தூய்மையில் இருக்கிறது. சிப் உறைகளில் ஆல்ஃபா வெளியிடும் மாசு கடுமையாகக் குறைக்கப்பட்டது. மெதுவான நியூட்ரான்களைப் பிடித்துச் சிதறும் போரான்-10 ஐசோடோப் சிப்பின் மின்காப்பு அடுக்கில் இருப்பது 1990-களில் ஒரு பெரிய பிழை ஊற்றாக அடையாளம் காணப்பட்டு, பின்னர் பெரும்பாலான தயாரிப்புகளிலிருந்து நீக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் திருத்தங்கள் தரைமட்டக் கருவிகளுக்குச் செய்த நன்மை மிகப் பெரிது. ஆனால் வெளியிலிருந்து வரும் வேகமான துகளுக்கு முன் தூய்மை எதுவும் செய்ய முடியாது.

இரண்டாம் விடை: புரளாத நினைவகம்

துகளைத் தடுக்க முடியாவிட்டால், அடித்தாலும் அசையாத நினைவகத்தைச் செய்யலாம். 1985-இல் தொடங்கப்பட்ட ஆக்டெல் நிறுவனம் ஆன்டிஃபியூஸ் வழியில் சென்றது. இதில் இணைப்பு ஒருமுறை மின்சாரத்தால் நிரந்தரமாக உருவாக்கப்படுகிறது. புரள்வதற்குப் பிட்டே இல்லை. பிறகு வந்த ஃப்ளாஷ் வகை எஃப்.பி.ஜி.ஏ.க்கள் கட்டமைப்பை மின்காப்புக்குள் சிறைப்பட்ட மின்னூட்டமாக வைத்திருக்கின்றன. ஒற்றைத் துகளின் அடியில் அது புரள்வதில்லை. மூன்றாவது வழி, வழக்கமான நினைவகச் செல்லையே வலுப்படுத்துவது. 1996-இல் காலின், நிக்கோலாய்டிஸ், வெலாஸ்கோ மூவரும் முன்வைத்த டைஸ் என்னும் செல் ஆறு டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் பன்னிரண்டைக் கொண்டது. ஒரு முனையில் அடி விழுந்தால் மற்ற முனைகள் அதைப் பழைய நிலைக்கே இழுத்துவிடும். இந்த வகைச் செல்லைக் கொண்டு 2010-இல் விர்டெக்ஸ்-5 க்யூ.வி. வெளிவந்தது.

கோட்பாட்டளவில் இது தெளிவான விடை. குறைகள் வேறு இடங்களில் தலைகாட்டுகின்றன. ஆன்டிஃபியூஸ் சிப்பில் ஒருமுறை எழுதியதை மாற்ற முடியாது; எஃப்.பி.ஜி.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமே பாதி போய்விடுகிறது. ஃப்ளாஷ் செல்லில் மொத்தக் கதிர்வீச்சளவு சேரச் சேரச் சிறைப்பட்ட மின்னூட்டம் கசியும். கட்டமைப்பு அசையாவிட்டாலும், கணக்கின் இடைநிலை விடைகளைத் தாங்கும் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளும் தரவு நினைவகமும் அடிவாங்கக்கூடியவையே. டைஸ் செல்லில் இரண்டு முனைகள் மிக அருகே இருந்தால் ஒரே துகள் இரண்டையும் தொட்டுவிடலாம். டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க இந்த ஆபத்து கூடுகிறது.

இவற்றோடு விலையும் கிடைக்கும் தன்மையும் சேர்கின்றன. விண்வெளித் தரச் சிப்புகள் சாதாரணச் சிப்பைவிடப் பல மடங்கு விலை உடையவை, தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகள் பின்தங்கியவை, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா இஸ்ரோ அமைப்புகள் மீது விதித்த ஏற்றுமதித் தடைப்பட்டியல் 2011 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. இந்திய வடிவமைப்பாளருக்கு, புரளாத சிப் என்பது பொறியியல் தேர்வாக மட்டுமே இருந்ததில்லை. அது எப்போது வேண்டுமானாலும் சாத்தப்படக்கூடிய கதவாகவும் இருந்தது.

மூன்றாம் விடை: மூன்றாகச் செய்து பெரும்பான்மை காண்

சிப் எதுவாயினும் ஒரே வேலையை மூன்று மின்சுற்றுகள் தனித்தனியே செய்யட்டும், மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்போம் என்பது மூன்றாம் விடை. நம்பமுடியாத உறுப்புகளால் நம்பத்தக்க இயந்திரம் கட்டும் வழியை ஜான் வான் நியூமன் 1956-இல் வகுத்தார். ஐ.பி.எம்.மின் லயன்ஸ், வாண்டர்குல்க் இருவரும் 1962-இல் மும்மடி அமைப்பின் கணிதத்தைத் தெளிவாக்கினர். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் வழிகாட்டுக் கணினி இந்த முறையில் கட்டப்பட்டது. சாதாரண எஃப்.பி.ஜி.ஏ.வில் ஒரு நிரல் மாற்றத்தாலேயே மும்மடி அமைப்பைச் செய்துகொள்ள முடியும் என்பது பெரிய கவர்ச்சி.

இதன் பலவீனம் அந்தக் கணிதத்திலேயே இருக்கிறது. ஒரு தனி மின்சுற்று பிழையின்றி இருக்கும் நிகழ்தகவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், மும்மடி அமைப்பு தனி மின்சுற்றைவிட நம்பகம் குறைந்ததாகிவிடும். மூன்றில் ஒன்று கெட்ட பிறகு மீதி இரண்டும் நலமாக இருந்தாக வேண்டும். ஒன்று மட்டும் நலமாக இருக்கும் வாய்ப்பைவிட அது சிறிது. ஆகவே மும்மடி அமைப்பு நேரம் வாங்கித் தருகிறது. வாங்கிய நேரத்தில் யாரும் பழுதுபார்க்காவிட்டால் அது வீணாகும்.

எஃப்.பி.ஜி.ஏ.வுக்கே உரிய சிக்கலும் உண்டு. கம்பிகளை இணைக்கும் ஒரே ஒரு கட்டமைப்புப் பிட் புரள்வதால் இரண்டு பிரதிகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடலாம். அப்போது மூன்றில் இரண்டு ஒரே நேரத்தில் தவறும். பெரும்பான்மை தவறின் பக்கம் போய்விடும். பெரும்பான்மை காணும் மின்சுற்றையும், கடிகாரத் துடிப்பு வரும் வழியையும் மூன்றாக்காவிட்டால் அவையே பலவீனக் கண்ணியாகும். வடிவமைப்பு மென்பொருள் இந்தப் பிரதிகளைத் தேவையற்ற மிகையென்று கருதித் தானாகவே நீக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இடமும் மின்செலவும் மூன்று மடங்குக்கு மேல் போகின்றன. சிறு செயற்கைக்கோளின் மின்பங்கீட்டில் இது எளிதில் தாங்கக்கூடிய சுமை அன்று.

நான்காம் விடை: ஓயாமல் திருத்து

எஃப்.பி.ஜி.ஏ.வின் பலவீனம் எதுவோ அதுவே அதன் மருந்து என்ற கருத்திலிருந்து நான்காம் விடை பிறந்தது. கட்டமைப்பு நினைவகத்தை ஓடும்போதே படிக்கலாம், எழுதலாம். எனவே சரியான பிரதியைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு, குறித்த இடைவெளியில் சிப்பின் மேல் மீண்டும் மீண்டும் எழுதலாம். அல்லது படித்துப் பார்த்துத் தவறிய இடத்தை மட்டும் திருத்தலாம். ஸ்க்ரப்பிங் என்று பெயர் பெற்ற இம்முறையை விர்டெக்ஸ் தலைமுறையில் சைலிங்க்ஸ் விரிவாக ஆவணப்படுத்தியது. ஹாமிங் 1950-இல் தந்த பிழைதிருத்தக் குறியீட்டின் வழித்தோன்றல்கள் இன்று கட்டமைப்பு நினைவகத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் பதிந்திருக்கின்றன. ஒரு பிட் தவறினால் திருத்தும், இரண்டு தவறினால் சொல்லும். பிழை வரும் வேகத்தைப் போலப் பத்து மடங்கு வேகத்திலாவது திருத்த வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி.

பறந்து சோதிக்கப்பட்ட சான்றுகள் இந்த விடைக்கு நிறைய உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் மோட்டார்களை ஆண்டது விர்டெக்ஸ் வகைச் சிப். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 2007 மார்ச்சில் ஏவிய சிபோலா செயற்கைக்கோள், ஒன்பது விர்டெக்ஸ் சிப்புகளைச் சுமந்து சென்று சுற்றுப்பாதையிலேயே புரளல்களைக் கண்டறிந்து திருத்தியது. ஜெனீவாவில் செர்ன் மையத்தின் ஆலிஸ் சோதனையில், நினைவகம் புரளக்கூடிய விர்டெக்ஸ் சிப்பைப் புரளாத ஃப்ளாஷ் வகைச் சிப் ஒன்று காவல் காத்துத் திருத்திவந்தது. இந்திய ஆய்வு நிறுவனங்களும் பங்கேற்கும் சோதனை அது. இரண்டாம் விடையும் நான்காம் விடையும் ஒரே பலகையில் கைகோத்ததற்கு இது நல்ல உதாரணம்.

குறை என்ன? ஸ்க்ரப்பிங் மின்சுற்றின் வடிவத்தை மீட்கும். அது நடுவில் செய்துகொண்டிருந்த கணக்கை மீட்காது. புரண்ட நேரத்துக்கும் திருத்திய நேரத்துக்கும் இடையே தவறான விடை எண்ணியிலோ நிலைப்பதிவிலோ தங்கிவிட்டால், கட்டமைப்பு சரியான பிறகும் தவறு தொடரும். திருத்தும் கருவியே அதே சிப்புக்குள் இருந்தால் அதுவும் அடிவாங்கக்கூடியது. வெளியே இருந்தால் கூடுதல் சிப்பும் கூடுதல் விலையும். கட்டமைப்பை எழுதும் கட்டுப்பாட்டுப் பகுதியே துகளால் தாக்கப்பட்டால் முழுச் சிப்பையும் மறுதொடக்கம் செய்வதே வழி.

மும்மடி அமைப்பு பழுதைத் திருத்தாது, ஆனால் விடையைக் காக்கும்; ஸ்க்ரப்பிங் விடையைக் காக்காது, ஆனால் பழுதைத் திருத்தும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. விண்வெளியில் சாதாரண நினைவகச் சிப்பைப் பயன்படுத்துவோரிடையே இந்தக் கூட்டே இன்று மிகப் பரவலான நடைமுறை.

ஐந்தாம் விடை: பிழையோடு வாழ்

ஐந்தாம் விடை அண்மைக் காலத்தது. சர்ச்சை மிகுந்ததும் அதுவே. எல்லாப் பிட்டையும் காக்கத் தேவையில்லை. பாதிக்கும் பிட்டை மட்டும் காப்போம், மற்றதைத் தாங்கிக்கொள்வோம் என்கிறது. ஒரு வடிவமைப்பு சிப்பின் எல்லாப் பிட்டுகளையும் பயன்படுத்துவதில்லை. புரண்டால் செயல்பாட்டை உண்மையிலேயே கெடுக்கும் பிட்டுகள் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. படத்தைச் சுருக்கும் மின்சுற்றில் ஒரு புள்ளியின் நிறம் தவறினால் உலகம் கவிழ்ந்துவிடாது. சந்தையில் கிடைக்கும் மலிவான சிப்புகளைக் கொண்டு, தவறினால் மறுதொடக்கம் செய்து, ஒன்று போனால் இன்னொன்றை ஏவும் சிறு செயற்கைக்கோள் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வழியையே நாடுகின்றன.

எந்தப் பிட் முக்கியம் என்பதை முன்கூட்டியே சரியாக அறிய முடியும் என்ற நம்பிக்கையில் இந்த விடை நிற்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் கருவி நின்றுபோவதில்லை. தவறான விடையை நல்ல விடை போலவே தந்துகொண்டிருக்கும். நின்றுபோன கருவியை யாரும் கவனிப்பார்கள். அமைதியாகத் தவறும் கருவியைக் கவனிக்கச் சிலரே இருப்பார்கள். ஆபத்தில் முதலிடம் இதற்குத்தான் தரப்பட வேண்டும்.

விமானத் துறையின் இரண்டு நிகழ்வுகள் இங்கே எண்ணத்தக்கவை. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் விமானம் திடீரென இருமுறை மூக்கு கவிழ்ந்து பலர் காயமடைந்தனர். தவறான தரவைத் தந்த கருவியில் கதிர்வீச்சால் பிட் புரண்டிருக்குமா என்று ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் ஆராய்ந்தனர். உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என்றே 2011-இல் முடித்தனர். 2025 நவம்பர் 28 அன்று ஏர்பஸ், கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுத் தரவைச் சிதைக்கக்கூடும் என்று அறிவித்து, ஏறத்தாழ 6,000 ஏ320 குடும்ப விமானங்களில், பெரும்பாலும் மென்பொருளை முந்தைய பதிப்புக்கு மாற்றி, திருத்தம் செய்யச் சொன்னது. இந்திய விமானங்களும் அதில் அடங்கும். இவ்விரண்டும் எஃப்.பி.ஜி.ஏ. பற்றியவை என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் புரண்ட பிட் தடயம் விட்டுச்செல்லாது என்பதை முதல் நிகழ்வும், பிழையைத் தாங்கும் திறன் மென்பொருளின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறக்கூடும் என்பதை இரண்டாவதும் உணர்த்துகின்றன.

எதை வைத்து அளப்பது?

ஐந்து விடைகளையும் ஒப்பிட அளவுகோல் வேண்டும். மூன்று அளவுகோல்கள் உள்ளன, மூன்றும் குறையுடையவை. முதலாவது துகள் முடுக்கி. இந்தியாவில் டெல்லியில் உள்ள பெல்லட்ரான் முடுக்கியும், மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பெல்லட்ரானும் கனத்த அயனிகளைத் தரவல்லவை. ஆண்டுகளில் விழும் அடியை இங்கே நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால் அந்த அவசரமே கணக்கைக் கோணலாக்கலாம்: அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, திருத்த நேரம் கிடைத்திருந்தால் தப்பியிருக்கும் வடிவமைப்பும் தோற்றதாகத் தெரியும்.

இரண்டாவது, வேண்டுமென்றே பிட்டைப் புரட்டிப் பார்ப்பது. கணினியோடு இணைத்து ஒவ்வொரு கட்டமைப்புப் பிட்டையும் மாற்றி விளைவைக் குறிக்கலாம். செலவு மிகக் குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். எழுத முடியாத உட்பகுதிகளில் விழும் அடியை மட்டும் இதனால் காட்ட முடியாது. மூன்றாவது, உண்மையான சூழலில் நெடுநாள் ஓடவிடுவது. சைலிங்க்ஸ் நிறுவனம் ரொசெட்டா என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிப்புகளை வெவ்வேறு உயரங்களில் வைத்து இப்படிப் பார்த்தது. மிக நம்பத்தக்க வழி; மிக மெதுவான வழியும்கூட.

தமிழ்நாட்டின் வரைபடத்தில்

தரைமட்டக் கணக்குக்கு உலகம் நியூயார்க் நகரின் கடல்மட்டத்தை அளவாகக் கொண்டிருக்கிறது: அங்கே சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 13 வேகமான நியூட்ரான்கள். தென்னிந்தியா புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கிறது. இங்கே செங்குத்தாக உள்ளே வர ஒரு காஸ்மிக் துகளுக்கு ஏறத்தாழ 17 கிகாவோல்ட் விறைப்பு (காந்தப்புலத்தில் வளையாமல் எதிர்த்து நிற்கும் திறன்) வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த தடைகளில் இது ஒன்று. அதனால் தாழ்நில நியூட்ரான் வரத்து நியூயார்க்கில் உள்ளதில் ஏறத்தாழ பாதியாகிறது.

விராலிமலைக்கு இதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். சிப்பில் 100 மெகாபிட் கட்டமைப்பு நினைவகம் உண்டு, நியூயார்க் அளவில் ஒரு மெகாபிட்டுக்கு நூறு கோடி மணி நேரத்தில் 100 புரளல்கள் நேரும் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சிப்பில் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு புரளல். விராலிமலையில் அது 23 ஆண்டுக்கு ஒன்று. புரள்வனவற்றில் பத்தில் ஒன்றே விளைவு தரும் என்றால், இப்படிப்பட்ட பத்துச் சிப்புகள் கொண்ட ஓர் ஆலை உணரக்கூடிய பிழையைச் சந்திப்பது ஏறத்தாழ 23 ஆண்டுக்கு ஒரு முறை. அங்கே மின்தடையும் தூசியும் வெப்பமும் இதைவிட அவசரமான எதிரிகள். சிப்புக்குள் ஏற்கெனவே இருக்கும் பிழைதிருத்தத்தை இயக்கி வைப்பதே பெரும்பாலும் போதும். மனித உயிரைக் காக்கும் நிறுத்துசுற்றாக அச்சிப் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

அதே சிப் விமானத்தில் ஏறினால், நடு அகலாங்குகளுக்கு மேலே பறக்கும் உயரத்தில் நியூட்ரான் வரத்து தரையைவிடச் சில நூறு மடங்காகிறது. திருச்சி – சிங்கப்பூர் போன்ற தென்தடத்தில் அதைவிடக் குறைவு. சுற்றுப்பாதையில் நிலைமை முற்றிலும் வேறு. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தின் சிறப்பே சிறு ராக்கெட்டுகளைத் தென்திசையில் நேராகத் துருவச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப முடிவதுதான். புவிகாந்தக் கவசம் மிக வலுவாக உள்ள கரையிலிருந்து கிளம்பும் அந்தச் செயற்கைக்கோள்கள், கவசம் மிக மெலிந்த துருவங்களையும் புரோட்டான்கள் செறிந்த தென் அட்லாண்டிக் பகுதியையும் நாள்தோறும் கடக்க வேண்டியிருக்கும். உள்ளூரில் நன்றாக ஓடியது என்பது அங்கே எந்த உறுதியையும் தராது.

தரையிலும் கவசம் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி (காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் என்னும் துகள்களை அளப்பது), 2015 ஜூன் 22 அன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மியூவான் வரத்து கூடியதைப் பதிவுசெய்தது. சூரியப் புயல் மோதிப் புவியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். அதனால் கருவிகளில் பிழை கூடியதாகப் பொருளில்லை. ஆனால் கவசத்தின் அசைவை அளக்கும் கண் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்பது பயனுள்ள செய்தி.

சிப் செய்யும் முயற்சியிலும் நகர்வு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் சேர்ந்து உருவான ஐரிஸ் சிப் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பிழை தாங்கும் உள்நினைவகம் கொண்ட அது, பஞ்சாபின் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டு, சென்னையில் பலகையில் பொருத்தப்பட்டது. அது செயலி, எஃப்.பி.ஜி.ஏ. அன்று. ஆனாலும் வடிவமைப்பு முதல் சோதனை வரை முழுச் சங்கிலியும் நாட்டுக்குள்ளேயே சாத்தியம் என்று அது காட்டியது. பெரிய டிரான்சிஸ்டர்கள் பிட்டை மாற்ற அதிக மின்னூட்டத்தைக் கேட்பதால், 180 நானோமீட்டர் என்ற பழைய அளவு இங்கே முழுக்கக் குறையுமல்ல.

மதிப்பீடும் தீராத கேள்விகளும்

ஐந்து விடைகளில் எது சிறந்தது என்று கேட்பதில் பயன் குறைவு. எந்தச் சூழலிலும் வெற்றி பெறும் விடை அவற்றில் இல்லை. ஒரு பிழை கவனிக்கப்படாமல் எவ்வளவு நேரம் வாழலாம், அந்த நேரத்தில் அது யாருக்கு என்ன தீங்கு செய்யும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் தேர்வு தெளிவாகிறது. நொடிப்பொழுதும் தவறக்கூடாத அணுஉலை நிறுத்துசுற்றுக்கும் ராக்கெட்டின் பிரிவு ஆணைக்கும் புரளாத நினைவகமும் மும்மடி அமைப்பும் விலை மிகுந்தாலும் நியாயமானவை. நீண்ட நாள் கணக்கிடும் செயற்கைக்கோளுக்கு மும்மடி அமைப்பும் ஸ்க்ரப்பிங்கும் சேர்ந்த கூட்டே சான்றுகளால் வலுவானது. படமெடுக்கும் சிறு செயற்கைக்கோளும் தரைமட்ட ஆலையும் பிழையைக் கண்டறிந்து மீளும் ஏற்பாட்டோடு வாழலாம். தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர்களும் கண்டறிதலைக் கைவிடக் கூடாது. கண்டறியாமல் தாங்குவதற்குப் பெயர் காப்பு அன்று.

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஒன்று, சுருங்கும் டிரான்சிஸ்டர். ஃபின்ஃபெட் எனப்படும் முப்பரிமாண டிரான்சிஸ்டர் வடிவம் வந்தபின் ஒரு பிட்டுக்கான பிழை விகிதம் பெரிதும் குறைந்தது. ஆனால் ஒரே துகள் பல பிட்டுகளைச் சேர்த்துப் புரட்டும் பங்கு கூடுகிறது. ஒற்றைப் பிட்டை மனத்தில் வைத்து உருவான திருத்தக் குறியீடுகள் எவ்வளவு காலம் தாங்கும் என்பது முடிவாகவில்லை.

இரண்டு, மியூவான். 2010-ஐ ஒட்டிய சோதனைகள், மிகச் சிறிய செல்களை மெதுவான மியூவானும் புரட்டக்கூடும் என்று காட்டின. வழக்கமான மின்னழுத்தத்தில் அதன் பங்கு சிறிதென்றே பெரும்பாலான ஆய்வுகள் கருதுகின்றன. ஆனால் காந்த நடுக்கோட்டை நெருங்கும்போது நியூட்ரான் பாதியாகக் குறைய, மியூவான் சிறிதளவே குறைகிறது. மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொண்டே போகும் எதிர்காலச் சிப்புகளில் தென்னிந்தியத் தரையின் பிழைக் கலவை நியூயார்க்கின் கலவையிலிருந்து வேறாக இருக்கக்கூடும்.

மூன்று, அளவு. நாம் கைக்கொள்ளும் தரைமட்ட நியூட்ரான் கணக்கின் அடித்தளம் 2004-இல் வெளியான, அமெரிக்காவின் ஐந்து இடங்களில் எடுத்த அளவீடு. மற்ற இடங்களுக்கு அது சூத்திரத்தால் நீட்டப்படுகிறது. விராலிமலை போன்ற தாழ்நிலத்திலும் ஊட்டி போன்ற மலையிலும் ஒரே வகை எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளைச் சில ஆண்டுகள் ஓடவிட்டு, அருகருகே நியூட்ரானையும் மியூவானையும் அளந்தால் அந்தச் சூத்திரத்தை நம் மண்ணில் சோதிக்கலாம். செலவு துகள் முடுக்கியின் செலவைப் போன்றதல்ல. தேவைப்படுவது பொறுமையும், பொறியியல் கல்லூரிகளும் கதிர் இயற்பியல் ஆய்வகங்களும் சேர்ந்து உழைக்கும் மனமும். இந்தியச் சூழலுக்கு எவ்வளவு காப்பு போதும் என்பதற்கு இன்று நம்மிடம் இருப்பது நியாயமான மதிப்பீடு. அதை அளந்தறிந்த விடையாக்கும் வேலையைச் செய்யத் தமிழ்நாட்டில் இடமும் கருவியும் ஆட்களும் உண்டு. அதைத் தொடங்குவது அவசியம்.